பதினைந்து விநாடி

போன வாரம் மகள் என் கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டாள். நாடித்துடிப்பை அதுவே எண்ணிக் காட்டுமாம். இன்று காலை சுபாங் ஜெயா ஏரிக்கரையில் நடந்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடிகாரம் 44 என்றது. யந்திரத்தை நம்புகிற ஆள் இல்லை நான். பழைய பழக்கப்படி மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துப் பதினைந்து விநாடி எண்ணினேன். பதினொன்று. நான்கால் பெருக்கினால் அதே 44. அப்போதுதான் தைல வாசனை அடித்தது. சுற்றிப் பார்த்தேன், பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அது பல வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த கோகிலாவின் தைலம். தன் ஊரான பந்திங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி, பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்த்த கல்லூரிக்கு வருவாள். பஸ்ஸில் தலை சுற்றும் என்று நெற்றி நிறையத் தேய்த்திருப்பாள். நான் உடற்கல்வி ஆசிரியர். சிரிக்காதீர்கள், அப்போதே எனக்குத் தொப்பை உண்டு; விசில் அதன்மேல்தான் படுத்திருக்கும். என் வகுப்பு எல்லோருக்கும் கட்டாயம். அதனால் பயன் உண்டா என்று நிர்வாகம் அறிக்கை கேட்டது. இல்லையென்றால் வகுப்பும் போகும், என் வேலையும் போகும்.

செமஸ்டர் தொடக்கத்திலும் முடிவிலும் மாணவர்கள் தங்கள் நாடியை எண்ணி எழுத வேண்டும். சும்மா இருக்கையில் துடிப்பு குறைந்திருந்தால் உடம்பு தேறிவிட்டது என்று பொருள், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பாதிப் பேர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து எழுதினார்கள். கோகிலா மட்டும் மூன்று தடவை எண்ணினாள். செமஸ்டர் தொடக்கத்தில் 76 எழுதியவள், முடிவில் 44 எழுதினாள்.

“சார், நடுவுல நின்னு நின்னு அடிக்குது லா,” என்றாள்.

“அதான்மா ஃபிட்னஸ்! எல்லாரும் கை தட்டுங்க!”

தட்டினார்கள். அவளும் வெட்கத்தோடு சிரித்தாள். அறிக்கையின் முதல் பக்கத்தில் அவள் பெயரைப் போட்டேன்.

நிர்வாகம் என்னைப் பாராட்டிய அதே வாரம், வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சாய்ந்து தூங்கியவளைப் பந்திங்கில் யாராலும் எழுப்ப முடியவில்லை. இதயக் கோளாறு என்றார்கள். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அவள் எழுதிய எண்ணை வைத்துப் பல வருடம் சம்பளம் வாங்கினேன். இன்றும் நினைத்தால் கூசுகிறது.

அந்தக் கல்லூரி இப்போது இல்லை. நாங்கள் ஓடிய திடலில் அடுக்குமாடி எழும்பிவிட்டது. அறிக்கையும் விசிலும் எந்தக் குப்பையில் போயினவோ.

மகளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் மடிமேல் வைத்து எண்ணைச் சொன்னேன்.

“ஃபோர்ட்டி ஃபோரா? சூப்பர் லா அப்பா! நடந்ததுக்குப் பலன் தெரியுது!”

விரல் மறுபடி மணிக்கட்டில்தான் இருந்தது. தைல வாசனை நெருங்கி வந்தது.

“நடுவுல நின்னு நின்னு அடிக்குதும்மா,” என்றேன்.

அதற்குள் அவள் போனிலேயே கை தட்டத் தொடங்கியிருந்தாள்.