பிலோமினா டீச்சரும் என் சாட்சிக் கையெழுத்தும்

செய்தி செவ்வாய்க்கிழமை காலை வாட்ஸப்பில் வந்தது. ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்களின் குழு அது. வழக்கமாகப் பென்ஷன் பேச்சும், பூப்படம் போட்ட காலை வணக்கமும்தான் வரும். அன்று “பிலோமினா டீச்சர் காலமானார்” என்று ஒரே வரி. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். கும்பிட்டவர்களில் பாதிப் பேர், அவர் தாலுகா ஆபீஸ் படியேறுகிறார் என்றால் பின்வாசல் வழியாக டீ குடிக்கப் போனவர்கள். நானும் போயிருக்கிறேன்.

செஞ்சியில் உங்களில் பலர் அவரிடம் சமூக அறிவியல் படித்திருப்பீர்கள். நான் படித்ததில்லை. எனக்கு அவர் மனு கொண்டுவருபவர், அவ்வளவுதான். பட்டா, ரேஷன் கார்டு, சாதிச் சான்று என்று யாருக்காவது ஒரு காகிதம் எப்போதும் அவர் பையில் இருக்கும். அதே பையில் வெளிநாட்டுக் கடிதங்களும் இருக்கும். பேர்கூட நம் வாயில் நுழையாத நாடுகளில் சிறையில் கிடப்பவர்களுக்காக, காணாமல் போனவர்களுக்காக, அந்தந்த நாட்டு ஜனாதிபதிகளுக்கு எழுதுவார். பத்திரிகையில் படித்ததும் எழுதிவிடுவார். தபால் நிலையத்தில் ஒருநாள் அவர் பின்னால் நின்றிருந்தேன். உள்ளே இருந்தவர், “இன்னா டீச்சர், ஜனாதிபதி பதில் போட்டாரா?” என்று கிண்டலடித்தார்.

“அவரு எங்க படிக்கப் போறாரு? பிரிச்சிப் பாக்கறதுக்கு ஒரு கிளார்க் இருப்பான் இல்ல, அவனுக்குத்தான் எழுதறேன்” என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரித்ததாக நினைவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். மறைப்பதற்கு இப்போது ஒன்றுமில்லை.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. போலீஸ் ஒருவரைப் பிடித்தால், அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதும் வாக்குமூலத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர் சாட்சி. பெரும்பாலும் வாக்குமூலம் எழுதி முடித்த பிறகு, எங்களைத் தேடிக் காகிதம் மட்டும் வரும். அப்படித்தான் ஒரு காலையில் கான்ஸ்டபிள் ஒருவர் வந்தார். மோட்டார் ஒயர் திருட்டு. விறகு வெட்டும் பச்சையப்பன் என்ற இருளர், முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு, ஏரிக்கரையில், என் முன்னிலையில், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தது. பைக்கின் சீட்டில் வைத்தே கையெழுத்துப் போட்டேன். அந்த ஆளின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

இரண்டு மாதம் கழித்து டீச்சர் என் அறைக்கு வந்தார். கையில் அந்த வாக்குமூலத்தின் நகல். வக்கீல் மூலம் வாங்கியிருந்தார்.

“அன்னிக்கு அமாவாசை சார். மேல்மலையனூர்ல உங்களுக்கு ட்யூட்டி. நாலு மணிக்கு நீங்க கோயிலாண்ட இருந்தீங்களா, ஏரிக்கரையில இருந்தீங்களா?”

நகலை வாங்கித் தேதியைப் பார்த்தேன். அன்று காலையிலிருந்து கூட்டத்தோடு மல்லுக்கட்டி, சிறப்புப் பேருந்து நிற்கும் இடத்தில் தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தேன். ட்யூட்டிப் பதிவேட்டில் என் கையெழுத்தும் இருக்கிறது.

“பாதத்துல அடிச்சி ஒத்துக்க வெச்சிருக்காங்க. ஜாமீனுக்கு ஆளில்லாம உள்ள கெடக்கறான். நீங்க அங்க இல்லன்னு உங்க மேலதிகாரிக்கு ஒரு லெட்டர் எழுதுங்க.”

“டென்ஷன் பண்ணாதீங்க டீச்சர். எனக்கு ரிட்டயர்மெண்ட் கிட்ட இருக்குது. அரசாங்கம் பாத்துக்கும்.”

“அரசாங்கத்தக் கேக்கறதுக்குத்தான் வந்தேன். நீங்கதான அது?”

நான் எழுதவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னிடம் கேட்கவும் இல்லை. ஆறு மாதம் கழித்து வழக்கு விசாரணைக்கு வந்தது. சாட்சிக் கூண்டிலிருந்துதான் பச்சையப்பனை முதல் முறையாகப் பார்த்தேன். ஒரு காலைச் சாய்த்து நடந்து வந்தார். டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்; என்னைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நான்கு மணிக்கு எங்கே இருந்தீர்கள் என்று பச்சையப்பனின் வக்கீல் கேட்டார். மேல்மலையனூரில் என்றேன். பச்சையப்பன் விடுதலையானார். எனக்குத் துறை நடவடிக்கை வந்தது. ஓய்வு பெறுகிற வரை அந்த ஃபைல் என்னைத் துரத்தியது.

உண்மையைச் சொல்லிவிட்ட பெருமை எனக்குள் இருந்தது. ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று டீச்சர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். பிறகு, கோபமே இல்லாமல், “அந்தாளு எட்டு மாசம் உள்ள இருந்தான் சார். அதுல ஆறு மாசம் உங்களுது. அந்த ஆறு மாசத்துலதான் அவங்க அம்மா செத்துப்போச்சு, அவனால வர முடியல” என்றார். காபியைக் குடித்து முடித்தேன். அன்றைக்கு அவர் மேல் எனக்குக் கடும் கோபம். அதற்குப் பின் வந்த வருடங்களில் நாங்கள் வணக்கம் சொல்லிக்கொண்டதோடு சரி. அந்தக் கோபம் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. போய்விட்டது.

புதன்கிழமை கல்லறையில் நல்ல கூட்டம். சாமியார் ஜெபம் முடித்ததும் வரிசையில் போய் ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். எனக்கு முன்னால் நின்றவர் மண் போட்டுவிட்டுக் கையைத் துடைக்காமல் திரும்பினார். பச்சையப்பன். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நீங்கதான அன்னிக்குக் கையெழுத்துப் போட்டது?”

கோர்ட்டில் உண்மையைச் சொன்னதும் நான்தான், அதனால் பட்டதும் நான்தான் என்று சொல்ல நாக்கு துடித்தது. எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறேன்.

“ஆமாம்” என்றேன். அதற்கு மேல் எதுவும் சேர்க்கவில்லை.

அவர் தலையை ஆட்டிவிட்டு, எனக்கு வழிவிட்டு நகர்ந்தார். பிலோமினா டீச்சரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு ‘ஆமாம்’தான். அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆயிற்று.