ஃப்ரீவீலில் கிரீஸ் வைத்த ஏகாம்பரம்

"ஏகாம்பரம் போயிட்டாருங்க" என்று போனில் சொன்னபோது என் வாயில் முதலில் வந்தது, "சைக்கிள்ல இருந்து விழுந்தானா?" என்பதுதான். இல்லை, தூக்கத்திலேயே மாரடைப்பு என்றார்கள். அவனைக் கொல்வதில் பின்சக்கரத்தை முந்திக்கொண்டது இருதயம்.

நம் பழைய சைக்கிள் குழு நண்பர்களே, இரங்கல் கூட்டத்தில் நீங்கள் பேசியதைக் கேட்டேன். கைராசிக்காரராம்! அவர் தொட்டால் துருப்பிடித்த வண்டியும் பறக்குமாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டுச்சேலைக்குப் பவர்லூம் வைத்திருந்த ஏகாம்பரம் தாராள மனசுக்காரன், ஒப்புக்கொள்கிறேன். சைக்கிள் ரிப்பேரில் அவனைப்போல ஒரு முட்டாளை ஆரணியில் நான் பார்த்ததில்லை.

பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில், அச்சைச் சுற்றியுள்ள இரும்புக் குண்டுகளுக்கு கிரீஸ் வைக்க வேண்டும். பக்கத்தில் செயின் மாட்டும் பல்சக்கரமான ஃப்ரீவீலுக்கோ சொட்டு எண்ணெய் போதும். அதற்குள் சின்ன இரும்பு நாக்குகள் உண்டு. மிதிக்கும்போது அவை எழும்பிப் பல்லைப் பிடித்தால்தான் சக்கரம் சுற்றும். நம்மாள் தறியின் கியருக்குப் பூசுகிற கெட்டி கிரீஸை அதிலும் அடைப்பான். "ரெண்டும் ஒரே சக்கரம்தானேய்யா? எண்ணெய் கஞ்சப்பய ஊத்தறது" என்பான். என்ன ஞானம்!

ஒரு மார்கழியில் படவேட்டுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? குளிரில் கிரீஸ் இறுகி நாக்குகள் ஒட்டிக்கொண்டன. பெடல் சும்மா சுற்றியது, சக்கரம் அசையவில்லை. பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, பதறிப்போய்ப் பக்கவாட்டில் சாய்ந்தான். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "கொஞ்சம் பேஜார் பண்ணுது, வெயில் ஏறினா சரியாயிடும்" என்றான். வெயில் ஏறியதும் கிரீஸ் இளகி வண்டியும் ஓடித் தொலைத்தது. அதற்கப்புறம் அவனைக் கையில் பிடிக்க முடியுமா?

ஒருநாள் அவன் தறிக்கொட்டகையிலேயே போய்க் கத்தினேன். "யோவ், ஃப்ரீவீல்னா டிக் டிக்னு கேக்கணும்யா. உன்னுது ஊமையா கெடக்குது!" அந்தத் தறிச் சத்தத்தில் என் காதருகே குனிந்து சொன்னான்: "நாள் பூரா தடதடன்னு கேட்டுகினே இருக்கறேன். சைக்கிளாவது வாய மூடிகினு போவட்டும்." உயிரைவிடக் காது பெரிதாம். தலையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் அவன் மகள் கவிதா. நீங்கள் அளந்ததை நம்பி, அப்பா வண்டியிலேயே பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகிறேன் என்றாள். விஷயம் தெரிந்ததும் ஸ்பேனரோடு ஓடினேன். அவள் வண்டிக்குக் குறுக்கே நின்றாள்.

"அப்பா கை வெச்சது சித்தப்பா. யாரும் தொட வேணாம்."

"உங்கப்பன் கைதாம்மா ஆபத்தே. பஸ் ஸ்டாண்டு பக்கம் பெடல் சும்மா சுத்திச்சுன்னா இன்னா பண்ணுவ?"

"செத்தவரப் போய்த் திட்டறீங்களே!"

"உயிரோட இருந்தப்பவும் இதேதான் சொன்னேன். மூஞ்சிக்கு நேரா சொன்னேன்."

முறைத்தாள். பிறகு ஒதுங்கி நின்றாள். ஃப்ரீவீலைக் கழற்றித் திறந்தால் உள்ளே கருப்பு அல்வா. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தேன். நாக்குகள் துள்ளின. எண்ணெய் விட்டு மூடி, சக்கரத்தை மாட்டிச் சுற்றிவிட்டேன். டிக் டிக் என்றது.

கவிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தச் சத்தம் அப்பாவுக்குப் பிடிக்காதே" என்றாள்.

"பிடிக்காட்டி வந்து என்னைக் கேக்கச் சொல்லு" என்றேன்.

சொன்னபிறகுதான் எனக்கே உறைத்தது. அவன் வரமாட்டான். எத்தனை திட்டினாலும் மறுநாள் காலையில் டீக்கடையில் எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பானே, அந்த முட்டாள்! நண்பர்களே, அவனுடைய நல்ல குணங்களை நீங்கள் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அவன்மேல் இருக்கும் கோபம் போதும். அது ஆறிவிட்டால் அவன் நிஜமாகவே செத்துப்போவான்.