எதிர்த்துப் பேசாதவர்

அமெரிக்காவில் கேட்டி என்ற ஊரில் என் வீட்டுக்காரரும் இன்னொருவரும் சேர்ந்து தோசை மாவு கம்பெனி நடத்தினார்கள். இன்னொருவர் வயதில் மூத்தவர், எங்கள் சர்ச்காரர். சொந்தமில்லை, ஆனாலும் இவர் அண்ணா என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அவரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஒரு நாள் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டு, கம்பெனி முழுவதையும் தன் மகன் பெயருக்கு மாற்றப்போவதாக, பிரியாணிக்கு நடுவே, ரைத்தாவை எடு என்பதுபோலச் சொன்னார். இவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டு முடித்தார். காரில் ஏறியதும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கேஸ் போட வைத்தது நான்தான். விசாரணைக்கு முன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் தன் ஆபீசில் இவரைச் சத்தியம் செய்யச் சொல்லிக் கேள்வி கேட்டார். எதிரே அண்ணா உட்கார்ந்திருந்தாராம். டைப் செய்து வந்ததைப் பிறகு நானே படித்தேன். மறுப்பு சொன்னீர்களா? இல்லை. மனதிலாவது மறுப்பு இருந்ததா? அவர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். மூத்தவரை முகத்துக்கு நேரே குறை சொல்லக்கூடாது என்று இவரை வளர்த்திருக்கிறார்கள். சத்தியம் செய்த பிறகும் அந்த வளர்ப்புதான் பேசியது.

கேஸை முதலில் பார்த்த மாஜிஸ்ட்ரேட் நீதிபதி அதையே எடுத்து எழுதிவிட்டார். நடந்ததில் இரு தரப்புக்கும் தகராறே இல்லை, ஜூரி கேட்க ஒன்றுமில்லை, விசாரணை வைக்காமலே அண்ணா பக்கம் முடித்துவிடலாம் என்று. அது வெறும் சிபாரிசுதான், மேலே இருக்கும் நீதிபதி பார்த்துத்தான் தீர்ப்பு சொல்வார் என்றார் எங்கள் வக்கீல். அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம். கேஸ் ஜூரிக்குப் போனால்தான் இவர் தன் பக்கத்தைச் சொல்ல முடியும். இவர் பாதி ஆயுளைப் போட்ட கம்பெனி திரும்பக் கிடைப்பதும் அதில்தான் இருந்தது. ஆட்சேபம் தாக்கல் செய்தோம். கூடவே, நான் சம்மதிக்கவே இல்லை, மரியாதைக்காக அப்படிச் சொன்னேன் என்று இவர் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரம். அதில் கையெழுத்து வாங்க நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்த வேண்டியிருந்தது.

தீர்ப்பை மகள்தான் போனில் படித்துச் சொன்னாள். நீதிபதி எல்லாவற்றையும் புதிதாகப் பார்த்தாராம். சத்தியம் செய்து ஒன்றைச் சொன்னவர், தோற்கப்போகிற நேரத்தில் அதற்கு நேர்மாறாக எழுதிக்கொடுத்துப் புதுத் தகராறு கிளப்ப முடியாதாம். சிபாரிசை அப்படியே ஏற்றுக்கொண்டார்.

"டாட், ஒய் டிட்ன்ட் யூ ஜஸ்ட் ஸே நோ?" என்றாள் மகள். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இவருக்கு ஓங்கி ஒரு அறை விட வேண்டும்போல எனக்கு இருந்தது.

அந்த ஞாயிறு சர்ச்சுக்கு அண்ணா தாமதமாக வந்தார். பின்னால் எத்தனையோ இடம் காலி. நேரே எங்கள் வரிசைக்கு வந்து, இவர் தோளில் கை வைத்தார்.

"மனசுல ஒண்ணும் வச்சுக்காத தம்பி. நீ என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசுனதில்லன்னு ஜட்ஜே எழுதிட்டாரு. அந்த மரியாதை இப்ப யாருக்கு இருக்கு?"

வக்கீல் இல்லை, சத்தியம் இல்லை, யாரும் எழுதிக்கொள்ளவும் இல்லை. இப்போதாவது நாலு வார்த்தை கேட்கட்டும் என்று இவர் முகத்தையே பார்த்தேன். வாயைத் திறந்தார். என் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு. அண்ணா உக்காரட்டும்."