கழற்றிப் போட்ட சைலன்சர்

எனக்குப் பொறுமை கிடையாது. பஸ் ஸ்டாப்பில் ரெண்டு நிமிஷம் நின்றால் மூன்றாவது நிமிஷம் நடக்க ஆரம்பித்துவிடுவேன். பாதி வழியில் அதே பஸ் என்னைத் தாண்டிப் போகும். தொண்ணூறுகளில் கோடம்பாக்கத்தில் ஒரு டீசல் பிக்கப் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஷூட்டிங்குக்கு லைட்டு, ஸ்டாண்டு, கேபிள் ஏற்றிப் போகிற வேலை. லோடு ஏற்றிவிட்டால் அந்தச் சனியன் பிடித்த வண்டி மேம்பாலத்தில் முக்கும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே என் உயிரை வாங்குவான்.

மெக்கானிக் பாய் அடியில் படுத்துப் பார்த்தார். சைலன்சருக்குள் கரி அடைத்திருக்கிறது, புகை போக வழியில்லாமல் இன்ஜின் திணறுகிறது என்றார். அதைக் கழற்றி, வெட்டி, சுத்தம் செய்து மறுபடி வெல்டிங் வைக்க ரெண்டு நாள் ஆகும், அதுவரை வண்டி நிற்கட்டும் என்றார். ரெண்டு நாளா? அவர் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக்கொண்டு நானே அடியில் புகுந்தேன். சூடு ஆறட்டும் என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, மணிக்கட்டு பைப்பில் பட்டுத் தோல் வழன்றுவிட்டது. துருப்பிடித்த போல்ட்டுகள் மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியலால் நாலு போடு போட்ட பிறகுதான் கழன்றன. முகமெல்லாம் கரி. சைலன்சரைப் பாயிடம் கொடுத்துவிட்டு வெறும் பைப்போடு வண்டியைக் கிளப்பினேன்.

அம்மாடி, என்ன சத்தம்! மேம்பாலத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறினேன். தி.நகரில் புடவைக் கடை வாசலில் நின்ற பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு என்னைத் திட்டினார்கள். எனக்கு ஒரே குஷி. ரெண்டு நாளில் பாய் சொன்னபடி சுத்தம் செய்து கொடுத்தார். அதைக் கோணியில் சுற்றி வண்டியின் பின்னால் போட்டேன். நாளைக்கு மாட்டலாம், அடுத்த வாரம் மாட்டலாம் என்று மாசக்கணக்கில் அது அங்கேயே கிடந்தது.

ஷூட்டிங்கில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லப் போகிறார்கள்? ஹீரோயின் அழுகிற காட்சியில் டைரக்டர் பக்கத்தில் நின்று வசனத்தைக் கத்திச் சொல்லிக் கொடுப்பார். ஜெனரேட்டர் ஒரு பக்கம் அலறும். லைட்மேன் மாடியிலிருந்து டீ கேட்பான். குரலையெல்லாம் பிறகு டப்பிங்கில் சேர்த்துக்கொள்வார்கள். முகம் ஒருத்தியுடையது, குரல் இன்னொருத்தியுடையது. கேமரா ஓடும்போது சத்தம் போடக் கூடாது என்பதே என் புத்தியில் கிடையாது.

என் அக்கா துணை நடிகை. கல்யாணக் கூட்டம், சந்தைக் கூட்டம், கோயில் கூட்டம் என்று பதினைந்து வருஷம் கூட்டத்திலேயே நின்றவள். எப்போதாவது ஒரு வரி கொடுத்தாலும் படத்தில் வேறு யாரோ பேசியிருப்பார்கள். தியேட்டரில் தன் வாய் மட்டும் அசைவதைப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள்.

அப்போதுதான் அடையாறில் ஒரு வீட்டில் டிவிக்காக ஒரு படம் எடுக்க வந்தார்கள். அந்த டைரக்டர் டப்பிங்கே வேண்டாம், பேசப் பேசவே குரலைப் பதிவு செய்வேன் என்கிற ஆள். அக்காவுக்கு வேலைக்காரி வேஷம். கதவைத் திறந்து, "அம்மா பூஜையில இருக்காங்க. உக்காருங்க, வந்துருவாங்க" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு வாரம் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுதான். தண்ணீர் பிடிக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் விதவிதமாகச் சொல்லிப் பார்த்தாள். தன் சொந்தக் குரல் வரப்போகிறது என்று எங்கள் லைன் வீடு முழுக்கச் சொல்லி வைத்தாள். அந்த யூனிட்டுக்கு வண்டியும் என்னுடையதுதான். முந்தின நாள் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"தம்பி, நாளைக்கு என் கொரலே வரப்போவுது. அந்த சைலன்சர மாட்டிடுடா."

"மாட்டிடறேன் யக்கா. இன்னா இப்போ?" என்றேன். மாட்டவில்லை. அரை மணி நேர வேலை, அதற்குக்கூட எனக்கு உடம்பு வணங்கவில்லை.

அங்கே போனதும் மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்த வேண்டும் என்று. சரி என்றேன். காலையில் எடுப்பதாகச் சொன்ன அக்காவின் ஷாட் மதியத்துக்குத் தள்ளிப்போனது, மதியம் சாயங்காலத்துக்குப் போனது. அவள் ஒரு ஓரமாக உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டேயிருந்தாள். என்னாலோ உட்கார முடியவில்லை. பீடி பிடித்தேன், தெருவை அளந்தேன், வாட்ச்மேனோடு சண்டை போட்டேன். நாலு மணிக்கு மேனேஜர் திருவான்மியூர் போய் டிபன் வாங்கிவரச் சொன்னார். வேண்டுமென்றே இந்த நேரம் பார்த்து அனுப்புகிறானே என்று வயிறு எரிந்தது. ஓட்டல்காரரை அவசரப்படுத்தி, பொட்டலங்களை வாரிப் போட்டுக்கொண்டு பறந்து வந்தேன்.

தெருமுனை வந்தது. இங்கே நிறுத்தி, பொட்டலங்களை இறக்கி, நடந்து போவதற்குள் அக்கா ஷாட் முடிந்துவிட்டால்? கால் ஆக்சிலேட்டரை விட்டு எழவில்லை. நேரே கேட் வரைக்கும் ஓட்டினேன்.

வாசற்கதவைத் திறந்துகொண்டு அக்கா நின்றிருந்தாள். அவள் வாய் அசைந்தது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒலிப்பதிவு ஆள் காதிலிருந்ததைப் பிடுங்கிக் கீழே போட்டார். அவள் மட்டும் திரும்பவில்லை. வரியை முழுசாகச் சொல்லி முடித்தாள்.

மறுபடி மூன்று தடவை எடுத்தார்கள். அக்காவுக்குத் தொண்டை வறண்டுவிட்டது, வார்த்தை தடுக்கியது. வெளிச்சமும் போய்விட்டது. மறுநாளுக்கு அந்த வீடு கிடைக்காது. முதல் தடவைதான் முகம் நன்றாக வந்திருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோம், குரலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் டைரக்டர். அதற்கு என்ன அர்த்தம் என்று கோடம்பாக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். மறுநாள் விடிந்ததும் சைலன்சரை மாட்டினேன்.

டப்பிங்குக்காவது தன்னையே கூப்பிடுவார்கள் என்று அக்கா நினைத்தாள். முனைக் கடையில் போன் மணி அடித்தால் போதும், எட்டிப் பார்ப்பாள். யாரும் கூப்பிடவில்லை.

படம் டிவியில் வந்த அன்று லைன் வீடே எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தது. அக்கா முகம் பெரிதாக வந்தது. "அம்மா பூஜையில இருக்காங்க" என்று எவளோ ஒரு சின்னப் பெண் பேசினாள். பக்கத்து வீட்டு அம்மாள் அக்காவின் முகவாயைப் பிடித்து, "இன்னாடி, கொரலு வேற மாதிரி கீது?" என்று கேட்டாள்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அக்கா என்னைப் பார்க்கக்கூட இல்லை.

"மைக்குல பேசுனா அப்படித்தான் கேக்கும்க்கா" என்றாள்.

நாலு பேர் முன்னால் என்னைத் திட்டியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். இன்றுவரை அவள் திட்டவில்லை.