கொல்லைக் கதவுக்கு ஒரு பூட்டு

எழுபதுகளின் கடைசியில், தலத்தெருவில் எங்கள் வீட்டில் நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகும் அம்மாக்கள் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு, சாயந்திரம் அழைத்துப் போவார்கள். முதலில் வந்தவள் பக்கத்துத் தெரு டீச்சரின் மகள். அந்த டீச்சர்தான் ஒருநாள் சொன்னார்:

"ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருத்தங்க பையனுக்கு எடம் தேடுறாங்க. நாளைக்குச் சாயந்திரம் வீட்டைப் பாக்க வருவாங்க. நெறைய கேப்பாங்க. போன வீட்டையெல்லாம் வேண்டாம்னுட்டாங்க."

அன்றைக்கே மண்ணெண்ணெய் டின்னைப் பரணில் ஏற்றினேன். தூளிச் சேலைகளை வெந்நீரில் அலசிக் காயப்போட்டேன். வேலை விட்டு வந்த என் வீட்டுக்காரர் கொல்லைக் கிணற்றின் மேல் பலகைகளை அடுக்கிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து நர்ஸம்மா போலக் கேட்டார்.

"புள்ள அழுதா அடிப்பீங்களா?"

"மாட்டேங்க."

"காய்ச்சல் வந்தா?"

"உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்புவேங்க."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் இன்னொரு தடவை கேட்கச் சொன்னேன்.

மறுநாள் நர்ஸம்மா சாயந்திரம் வரவில்லை. நடுப்பகலிலேயே வந்து நின்றார். டீச்சர் மகள் ரசஞ்சோற்றை முகமெல்லாம் பூசிக்கொண்டிருந்தாள். இன்னொரு பிள்ளை தூளியில் வீறிட்டது. வெள்ளைச் சேலையோடு, இடுப்பில் பையனோடு, அவர் வாசலிலேயே நின்று பார்த்தார். இரண்டு வயதைத் தாண்டிய பையன். கால்கள் குச்சியாகத் தொங்கின; உள்ளங்காலில் மண்ணே பட்டதில்லை போல இருந்தது.

"உக்காருங்க" என்றேன். உட்காரவில்லை.

"கெணறு இருக்குங்களா?"

"இருக்குங்க. மூடியிருக்கோம்."

அவர் நேராகக் கொல்லைக்குப் போனார். பையனை இறக்காமலே பலகையைக் காலால் தள்ளினார். அது நகர்ந்தது. ஒரு சாண் இருட்டு தெரிந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"மூத்தவன் எங்க மாமியார் வீட்டுக் கெணத்துலதாங்க போனான்" என்றார். "அங்கயும் மூடித்தான் வச்சிருந்தாங்க."

நான் குனிந்து பலகையை இழுத்து இருட்டை மூடினேன். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"என்ன செஞ்சா உங்களுக்கு மனசு ஆறும்? சொல்லுங்க, செய்யுறேன்."

பலகையையே பார்த்தபடி சொன்னார்: "கொல்லைக் கதவுக்குப் பூட்டு. சாவி உங்க தாலிக்கயித்துல இருக்கணும். குளிக்கும்போதும்."

"சரிங்க. ஆனா நானும் ஒண்ணு கேக்கணும். புள்ளைய நான் கீழ எறக்கி விடுவேன். நாளெல்லாம் தூக்கி வச்சிருக்க மாட்டேன். சம்மதமா?"

எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் பையனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

அன்று மாலையே வீட்டுக்காரர் பூட்டு வாங்கிவந்து மாட்டினார். "வராதவங்களுக்காகவா?" என்றேன். "இருக்குற புள்ளைங்களுக்கு" என்றார்.

திங்கட்கிழமை காலையில் நர்ஸம்மா பையனோடு வந்தார். என் கழுத்தைப் பார்த்தார். கதவைப் போய் இழுத்துப் பார்த்தார். பிறகு குந்தி, பையனைத் தரையில் நிறுத்தினார். சட்டை நுனியை விட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

அந்த வாரமே அவன் விழுந்தான். டீச்சர் மகளின் பின்னால் போய்க் கூடத்து நிலைப்படியில் தடுக்கி, முட்டி சிராய்த்துவிட்டது. காயத்தைக் கழுவி மஞ்சள் வைத்துவிட்டு, சாயந்திரம்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்ததும், செருப்பைக் கழற்றுமுன்னே சொல்லிவிட்டேன்.

"பையன் விழுந்துட்டான்ங்க. முட்டியில காயம்."

அவர் காயத்தைப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓடுனானா?" என்றார்.

"ஆமாங்க, ஓடுனான்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பையன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் அவனைத் தூக்கவில்லை.