பயிரைக் காயப்போடுகிறவர்

பகல் ஒரு மணிக்கு ஊரே சாப்பாட்டுக்கு உட்காரும்போது இவர் சோள வயலில் குந்தி உட்கார்ந்து இலைகளை விரலால் நீவிக்கொண்டிருப்பார். வெயில் உச்சியில் இருக்கும்போதுதான் எந்தப் பயிர் தாக்குப்பிடிக்கிறது, எது நடிக்கிறது என்று தெரியுமாம். இலை விரிந்திருந்தால் பூஜ்யம். லேசாக மடங்கினால் மூன்று. குழல்போலச் சுருண்டுவிட்டால் ஒன்பது. "என்னம்மா, அதுக்குள்ள சுருட்டிக்கிட்டியா?" என்று ஒரு செடியிடம் கொஞ்சலாகக் கேட்டுவிட்டு, ஈவிரக்கமில்லாமல் நோட்டில் ஒன்பது போடுகிறார்.

மழை ஏமாற்றினாலும் விளைகிற சோளத்தை உருவாக்குவது இவர் வேலை. ஆராய்ச்சிப் பண்ணையில் நீளமான பதவிப் பெயர் ஒன்று உண்டு. கூப்பிடுவதென்னவோ 'வறட்சி மேடம்' என்றுதான். வயது ஐம்பத்தொன்பது. தலையில் கணவரின் பழைய தொப்பி, காதோரம் பென்சில். வயலில் இறங்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவார். உரசினால் இலை கிழியுமாம்.

வானம் இருட்டினால் எல்லாருக்கும் முகம் மலரும், இவருக்குக் கடுகடுத்துப்போகும். சோதனை வயலுக்கு மேலே தண்டவாளத்தில் நகரும் பிளாஸ்டிக் கூரை ஒன்று இருக்கிறது. தூறல் விழுந்தால் அதை இழுத்து மூடவேண்டும். "எதிர்வீட்டு அக்கா காயப்போட்ட துணிய எடுக்க மாடிக்கு ஓடுவாங்க. இவ காயப்போட்ட பயிர மூட கீழ ஓடுவா. ரெண்டு பேரும் படியில முட்டிக்காத நாளே இல்ல" என்கிறார் கணவர். பண்ணைக் குடியிருப்பில் வீட்டுத் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர்தான். மனைவியை நம்பி விடுவதில்லை.

இவரைப் பற்றி எழுத நான் போயிருந்தது நெருக்கடியான வாரம். எண்பது வரிசைகள், எண்பதும் வேறுவேறு ரகம். பூத்ததிலிருந்து ஒரு மாதமாக எதற்கும் தண்ணீர் கிடையாது. அதில் நாற்பத்தேழாவது வரிசை, இவர் பதினோரு வருஷமாக மகரந்தம் சேர்த்து, பொறுக்கி, மறுபடி விதைத்து ஆளாக்கியது. இரண்டு பருவம் தேறிவிட்டது. மூன்றாவதிலும் தேறினால்தான் விவசாயிகள் கைக்குப் போகும். தேர்வுக் குழு வியாழக்கிழமை வருகிறது. அடுத்த விதைப்புக்குள் இவருக்குப் பணி ஓய்வு. "நான் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இது வயலுக்குப் போயிடணும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை, புதிதாகச் சேர்ந்த காவலாளி வந்து நின்றார். மீசையெல்லாம் நரைத்த, இளகிய மனிதர். நல்ல காரியம் செய்த பூரிப்பு முகத்தில். "மேடம், பயிரெல்லாம் செத்துக்கிட்டிருந்துச்சு. மனசு கேக்கல. நேத்து சாயங்காலம் வாளியில கொண்டாந்து ஊத்திட்டேன்."

மேடம் கத்தவில்லை. ஒவ்வொரு வரிசையாக நடந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். எண்பதும் ஒன்றுபோலக் காய்ந்தால்தான் ஒப்பிட முடியும். பாதி குடித்து, பாதி காய்ந்து நின்றால் அந்தப் பருவத்துச் சோதனையே செல்லாது. நாற்பத்தேழில் மண் பொடியாக உதிர்ந்தது.

"இதுக்கு ஊத்தலையா?"

"இது நல்லாத்தானே மேடம் இருக்கு? பச்சையா நிக்குது. பாவப்பட்டதுங்களாப் பாத்துத்தான் ஊத்தினேன்."

இந்தப் பயிருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் குழுவின் முன்னால் இதை வைக்க முடியாது. மனசு பொறுக்காமல் நான் வாய்விட்டேன்: "ரெண்டு நாள் வெயில்ல மண்ணு காஞ்சிடுமே மேடம். யாருக்குத் தெரியப்போகுது?"

"மழை வராத வருஷம், இத நம்பி விதைச்சவங்களுக்குத் தெரியும்" என்றார்.

நோட்டை மடியில் வைத்து, ஒரு மாதத்துப் பக்கங்கள் அத்தனையிலும் குறுக்கே கோடு இழுத்தார். ஓரத்தில் தேதி போட்டு, 'தவறுதலாகத் தண்ணீர் விடப்பட்டது' என்று எழுதினார். யார் விட்டது என்று எழுதவில்லை. காவலாளிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. பாவம், மனிதர் வரப்பில் கிடந்த வாளியை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அந்த வாளிய இப்படிக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு மேடம் குழாயடிக்குப் போனார். நிறையப் பிடித்து வந்து, நாற்பத்தேழாவது வரிசையின் ஓரத்தில் குந்தினார். உள்ளங்கையால் அள்ளி, ஒவ்வொரு தூராக, அவசரமில்லாமல் ஊற்றிக்கொண்டே போனார்.