கடலுக்கு ஆர் எழுதித் தாறது?

பரீட்சைச் சபைக் கூட்டத்துக்குப் படியேறிக்கொண்டிருந்தபோதுதான் சிவமலர் அக்காவின் தம்பி அழைத்தார். "அக்கா எங்களை விட்டிட்டுப் போயிட்டா," என்றார். அக்காவின் வழக்கொன்றைப் பேசத்தான் நான் அந்தப் படியேறினேன்.

பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாற்றை நாங்கள் இருவரும் சேர்ந்து கற்பித்தோம். அக்கா சுருவில் என்ற தீவகக் கிராமத்தில் பிறந்தவர், வயதிலும் வாயிலும் எனக்கு மூத்தவர். அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? இணையத்திலிருந்து அள்ளி ஒட்டிய ஒப்படையைக் கண்டால், "இதை எழுதின ஆளுக்குப் புள்ளியைப் போட்டு விடுறன், உமக்கென்னத்துக்கு?" என்று மாணவரின் முகத்துக்கு நேரேயே கேட்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு மாணவிக்காக வாதாடியதை இந்த ஆண்டுதான் பார்த்தேன். நெடுந்தீவுப் பிள்ளை, நிரோசா. தகப்பனுக்குச் சுகமில்லையென்று சனிக்கிழமை ஊருக்குப் போனாள். காற்றுக் கிளம்பியது, படகு ஓடவில்லை, திங்கட்கிழமை இடைப்பரீட்சைக்கு அவளால் வர முடியவில்லை. வினாத்தாள் அக்கா போட்டது: பண்டைக் கடல் வணிகத்தில் பருவக்காற்றின் பங்கை ஆராய்க. மற்றப் பிள்ளைகள் மண்டபத்துக்குள் இருந்து காற்றைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நேரம், அவள் இறங்குதுறையில் பையோடு நின்றிருக்கிறாள்.

அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம். "என்ர கேள்விக்குள்ளயே நிண்ட பிள்ளைக்கு, வரவில்லை எண்டு போடட்டாம். கண்டீரோ கூத்தை!"

மருத்துவச் சான்றிதழ் இருந்தால் மட்டுமே மறுபரீட்சை என்பது விதி. இல்லையென்றால் பூச்சியம், நிரோசாவுக்குச் சிறப்புப் பட்டக் கற்கைக்கான வாய்ப்பும் போய்விடும். சபையில் அக்கா எழும்பிக் கேட்டார்: "காய்ச்சல் எண்டால் டொக்டர் எழுதித் தருவார். கடலுக்கு ஆர் எழுதித் தாறது?" எல்லோரும் சிரித்தார்கள். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

அதற்குள் அக்கா நோயில் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது தன் வருத்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. "எனக்கு இனி ஏலாது. நீர் போய்க் கதையும். மெதுவாக் கதைச்சீரெண்டால் ஒருத்தரும் கேக்க மாட்டினம், ஓமோ?" என்றார். பேசுகிறேன் என்றேன். வேறென்ன சொல்ல?

பேசினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அக்கா இறந்த செய்தியைச் சொன்னேன். அவர் கேட்டதையும் கேட்டேன். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் எழுந்து அக்காவுக்கு மௌன அஞ்சலி செலுத்தினார்கள். பிறகு அமர்ந்து, விதியை வாசித்து, நிரோசாவின் விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். கத்தியிருக்கலாம். எழுந்து படியிறங்கினேன்.

சுருவிலுக்கு, செத்தவீட்டுக்கு, நிரோசாவும் வந்திருந்தாள். நான் வாய் திறக்க முன்னமே விளங்கிக்கொண்டாள். "பரவாயில்லை சேர், அடுத்த வருசம் எழுதுறன். ஆனா மிஸ் இருக்க மாட்டாவே," என்று அழுதாள்.

அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அவருடைய வகுப்பு. இனி அந்தப் பிள்ளைகளுக்கு நான்தான் பொறுப்பு. அந்தப் பொறுப்பில் நான் செய்த முதல் வேலை, நிரோசாவின் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று என் கையாலேயே பதிந்தது.